எத்தனை மரம் என்பது வேறு, எத்தனை விதம் என்பது வேறு

அரிய மரம் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை மரம் இருக்கு?" என்றுதான். நூறு என்றால் பதறுகிறோம். நர்சரியில் ஆயிரக்கணக்கில் கன்று போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த செய்தி வந்ததும், அப்பாடா, பிழைத்துக்கொண்டது என்று நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இதே செய்திகளில் 'மரபணுப் பன்மை' என்ற சொல்லும் அடிக்கடி வருகிறது. பலர் அதை 'நிறைய வகை மரங்கள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. காட்டில் தேக்கு, வேங்கை, மருது என்று பல இனங்கள் இருப்பது இனப் பன்மை. ஒரு வேங்கைக்கும் பக்கத்து வேங்கைக்கும் இடையில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடுதான் மரபணுப் பன்மை. கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால் அதை யாரும் எண்ணுவதில்லை. அழியும் நிலையில் உள்ள பழங்கால மரங்களுக்கோ உயிர்நாடியே அதுதான். அதனால் முதலிலிருந்தே தொடங்குவோம்.

வாழைக் கன்றும் மாங்கொட்டையும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பூவன் வாழைக் கூட்டம் உண்டு. பாட்டி வைத்த ஒரே கன்றிலிருந்து வந்தது. தார் வெட்டியதும் தாய்மரத்தைச் சாய்ப்போம். பக்கத்துக் கன்று எழுந்து நிற்கும். இத்தனை வருடத்தில் பழத்தின் ருசி துளியும் மாறவில்லை. அதே கொல்லையில், ஒரே மாமரத்துக் கொட்டைகள் மூன்றைப் போட்டோம். ஒன்று நார் நாராகக் காய்த்தது. ஒன்று வாயில் வைக்க முடியாத புளிப்பு. மூன்றாவது இன்னும் பூக்கவே இல்லை.

காரணம் எளியது. வாழைக் கன்று தாயின் கிழங்கிலிருந்து முளைத்த தாயின் மறுபிரதி. இப்படி, பாலினக் கலப்பு இல்லாமல் அச்சு அசலாகப் பெருகியவற்றைக் குளோன் என்கிறோம். மாங்கொட்டை அப்படியல்ல. அதற்குத் தாய் ஒரு மரம், மகரந்தம் கொடுத்த தந்தை எங்கோ ஒரு மரம். இரண்டும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கிறது.

எது கலக்கிறது? மரபணு. உடலின் ஒவ்வொரு அம்சத்தையும் எப்படிக் கட்ட வேண்டும் என்று செல்லுக்குள் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் குறிப்புக்குப் பெயர் மரபணு. சாம்பார் எல்லா வீட்டிலும் சாம்பார்தான். கைப்பக்குவம்தான் வீட்டுக்கு வீடு வேறு. அதுபோல ஒரே மரபணுவுக்குள் சிறு சிறு மாற்றங்களுடன் பல வடிவங்கள் உண்டு. அந்த வடிவங்களை அல்லீல் என்பார்கள். பெரும்பாலான மரங்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒரு கூட்டத்தில் எத்தனை அல்லீல்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பதே மரபணுப் பன்மையின் அளவு.

இதனால் என்ன பயன் என்று கேட்டால் கீழ்ப்பழனி மலையைக் காட்டலாம். மணத்துக்குப் பெயர்போன விருப்பாட்சி மலைவாழை அங்கே காடு காடாக இருந்தது. முடிக்கொத்து நோய் பரவியபோது தோட்டம் தோட்டமாகப் போயிற்று. எல்லாம் ஒரே வாழை. அதனால் ஒன்றுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றால் எதற்கும் இல்லை. விதையில் பெருகிய கூட்டமாக இருந்திருந்தால், பத்தில் ஒன்றாவது தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

எச்ச மரம் என்றால்

ஒரு காலத்தில் கண்டம் கண்டமாகப் பரவியிருந்து, பின்னர் தட்பவெப்பம் மாறியதால் ஒடுங்கி, இன்று ஏதோ ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கும் இனம் எச்ச இனம். அது ஒதுங்கிய மூலை புகலிடம்: வெளியே எல்லாம் மாறியபோதும் பழைய குளிரோ ஈரமோ நிலைத்திருந்த இடம்.

நீலகிரி உச்சியில் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் இமயமலையில் இருக்கின்றன. நடுவே 2,000 கி.மீ.க்கு அந்த மரமே கிடையாது. பனி யுகத்தில் தென்னாடு குளிர்ந்திருந்தபோது தாழ்வான இடங்களிலும் பரவி, பிறகு வெப்பம் ஏற ஏற மலை ஏறி, உச்சியில் மாட்டிக்கொண்டது என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தண்ணீர் வற்றும்போது குளத்து மீன்கள் குழிகளில் ஒதுங்குவது போலத்தான்.

'வாழும் புதைபடிவம்' என்று இத்தகைய மரங்களைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லால் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கோடி ஆண்டு தாண்டியது என்றால் எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். இலையின் வடிவம் அப்படியே இருக்கலாம். உள்ளே மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டும் குறைந்துகொண்டும்தான் இருக்கின்றன. எப்படிக் குறைகின்றன என்பது அடுத்தது.

பேரனுக்குத் தாத்தா பெயர்

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். இந்த வழக்கத்தை விடாமல் பிடித்திருக்கும் 20 வீட்டுச் சிற்றூர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முத்தையா என்ற பெயர் எட்டு வீட்டில், சின்னச்சாமி ஏழு வீட்டில், மாடசாமி நாலு வீட்டில், ஆவுடையப்பன் ஒரே ஒரு வீட்டில்.

அந்த ஒரு வீட்டில் ஒரு தலைமுறை பிள்ளையில்லாமல் போகிறது. அவ்வளவுதான், ஆவுடையப்பன் என்ற பெயர் ஊரைவிட்டே போய்விட்டது. பெயரில் எந்தக் குறையும் இல்லை. தற்செயல். இதே பெயர் மதுரையில் 500 வீட்டில் இருந்தால், பத்து வீட்டில் அற்றுப்போனாலும் பெயர் அழியாது. இப்படி, நல்லது கெட்டது பார்க்காமல் வெறும் தற்செயலால் அல்லீல்கள் காணாமல் போவதும் பெருகுவதும் மரபணு நகர்வு. கூட்டம் சிறுக்கச் சிறுக்க இதன் வேகம் கூடும்.

அப்புறம், அந்த ஊருக்கு ஒரு கொள்ளைநோய் வந்து நாலே வீடு மிஞ்சுகிறது என்று வையுங்கள். மிஞ்சிய நாலில் மூன்று முத்தையா, ஒரு சின்னச்சாமி. நூறு வருடம் கழித்து ஊர் மீண்டு 200 வீடாகிவிட்டது. முன்பைவிடப் பத்து மடங்கு. பெயர்கள்? இரண்டுதான். பெரிய கூட்டம் திடீரென்று சுருங்கி, குறுகிய வழியில் நுழைந்து வெளியே வருவதை மக்கள்தொகை இடுக்கம் என்று சொல்லலாம். எண்ணிக்கை மீளும், பறிபோன விதங்கள் தாமாக மீளா. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்த 200 வீட்டு ஊரை நினைவில் வையுங்கள்.

புதுப்பெயர் வர இரண்டு வழி உண்டு. ஒன்று, பக்கத்து ஊரிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை வந்து, அவர் அப்பா பெயர் பேரனுக்கு வருவது. காற்றும் தேனீயும் மகரந்தத்தைக் கொண்டுவருவதும், பறவை விதையைப் போட்டுவிட்டுப் போவதும் மரங்களுக்கு அப்படித்தான். இதற்கு மரபணுப் பாய்வு என்று பெயர். மற்றது, பள்ளிக்கூடப் பதிவேட்டில் சண்முகத்தைச் 'சம்முகம்' என்று எழுதி, அதுவே நிலைத்துவிடுவது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது நேரும் இத்தகைய எழுத்துப் பிழை, திடீர்மாற்றம். அது எப்போதாவது நடப்பது. பல நூறு ஆண்டு வாழும் மரங்களில் அதற்குக் காத்திருந்து பன்மையை மீட்பதென்றால், கணக்கு நம் ஆயுளில் அடங்காது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: எச்ச மரங்கள் ஒடுங்கியபோது ஒரு இடுக்கத்தைக் கடந்தன. ஒடுங்கிய சிறு கூட்டத்துக்குள் நகர்வு வேகமாக நடந்தது. புகலிடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் என்பதால் பாய்வு நின்றுபோனது. மூன்றும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன.

பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம்

1994 செப்டம்பர். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடமேற்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ள வொல்லமை தேசியப் பூங்கா. அங்கே பணியாற்றிய டேவிட் நோபிள், கயிறு கட்டி மணற்கல் பிளவு ஒன்றுக்குள் இறங்கினார். அடியில் ஈரமும் நிழலுமான இடத்தில் அவர் அதுவரை பார்த்திராத உயரமான மரங்கள். ஒரு கிளையைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். எந்தத் தாவரவியலாளருக்கும் அது பிடிபடவில்லை. கடைசியில் புதிய பேரினமாகவே அறிவித்து, 1995இல் வொல்லமியா நோபிலிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

'வொல்லமை பைன்' என்று அழைத்தாலும் அது பைன் இல்லை. நம் ஊர்த் தோட்டங்களிலும் தேவாலய வாசல்களிலும் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று வைக்கிறோமே, அந்த அரோகேரியாவின் குடும்பம். இதன் மகரந்தத்தை ஒத்த புதைபடிவங்கள் 9 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே கிடைக்கின்றன. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை நின்றுவிடுகின்றன. மரமும் அத்தோடு போயிற்று என்றே நினைத்திருந்தார்கள்.

அதன் பட்டையைப் பார்க்க வேண்டும். வெல்லப்பாகு கொதித்துக் குமிழி விட்டு, அந்தக் குமிழிகளோடேயே உறைந்துபோனது போல இருக்கும். ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பி நிற்கும். பத்துத் தண்டு நின்றால் அது பத்து மரமா, ஒரே மரமா என்று எண்ணுவதே சிக்கல். காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு.

ஆராய்ச்சியாளர்கள் இந்த மரங்களின் இலைகளை எடுத்து, டி.என்.ஏ.வில் நூற்றுக்கணக்கான இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் இடையே வேறுபாடே கிடைக்கவில்லை. பிற்காலத்தில் இன்னும் நுட்பமான முறைகள் வந்த பிறகுதான் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. மொத்த டி.என்.ஏ.வையும் படித்தபோது அது ஏறத்தாழ 1,200 கோடி எழுத்து நீளம் இருந்தது. மனிதனுடையது சுமார் 300 கோடிதான். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். டி.என்.ஏ. நீளமாக இருப்பதற்கும் பன்மைக்கும் சம்பந்தம் இல்லை. தடித்த புத்தகம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் அதே பதிப்பு.

அந்தப் பதிப்பிலேயே பழைய கதையும் தெரிகிறது. சுமார் 10,000 முதல் 26,000 ஆண்டுகளுக்கு முன் இந்த இனம் ஒரு கடும் இடுக்கத்தைக் கடந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது நாம் அதைக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே அது சுருங்கிவிட்டது.

அப்படியானால் இத்தனை ஆயிரம் ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தது? நியாயமான கேள்வி. பன்மை குறைந்தால் உடனே சாவு என்று அர்த்தமில்லை. அந்தப் பிளவுக்குள் ஈரம் மாறவில்லை, தீ எளிதில் எட்டவில்லை, புதிய நோய் நுழையவில்லை. சூழல் மாறாதவரை ஒரே விதம் போதும். மாறும்போதுதான் பல விதம் தேவைப்படுகிறது. 2005இல் அங்கே வேரழுகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் வந்துபோனவர்களின் காலணி மண்ணோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இந்த மரத்துக்கு அதை எதிர்க்கும் வலு குறைவு. இடத்தை ரகசியமாக வைத்திருப்பதும், போகிறவர்கள் காலணியைக் கிருமிநீக்கம் செய்துகொண்டு போவதும் அதனால்தான். 2019-20 காட்டுத்தீயின்போது ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களைக் கயிற்றில் இறக்கி, தண்ணீர்த் தெளிப்பான்கள் அமைத்து அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

சிசிலியின் வாழையடி வாழை

இதைவிடக் கடுமையான நிலையும் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில், இப்ளேய் மலைப்பகுதியில் 1991இல் ஒரு புதர்மரம் கண்டுபிடிக்கப்பட்டது: செல்கோவா சிக்குலா. நாம் ஆயா மரம், ஆவி மரம் என்று சொல்லும் மரத்தின் குடும்பம். பனி யுகங்களுக்கு முன் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த செல்கோவாக்களின் எச்சம். 2009இல் இரண்டாவது கூட்டமும் கிடைத்தது. இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கில் தண்டுகள் நிற்பதால், பரவாயில்லை என்றுதான் தோன்றும்.

பரிசோதித்தபோது ஒவ்வொரு கூட்டமும் ஒரே ஒரு குளோன் என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவது ஒரு தோப்பு. மரபணுக் கணக்கில் மொத்தமே இரண்டு மரம்.

இதன் மரபணுத் தொகுதி இரண்டு பிரதிகளாக இல்லாமல் மூன்றாக இருக்கிறது. விதை உண்டாகும்போது பிரதிகள் சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதியாகப் பிரிப்பது? அதனால் விதை முளைப்பதில்லை. வேரிலிருந்து பக்கக் கன்று விட்டே பெருகுகிறது. நம் தோட்டத்து வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் பெரும்பாலும் இதே மூன்று பிரதிதான் காரணம். 'வாழையடி வாழையாக' என்று நாம் வாழ்த்துகிறோம். வாழைக்கு அது பொருந்தும், கன்றைப் பிரித்து நட மனிதன் கூடவே இருக்கிறான். ஓடைக்கரையில் ஆடுமாடு மேயும் இடத்தில், கோடைக்குக் கோடை வறட்சியில் காயும் ஒரு புதருக்கு அப்படி யாரும் இல்லை.

சொந்தத்துக்குள்ளேயே கலந்தால்

குளோனாக இல்லாமல் விதையில் பெருகினாலும் இன்னொரு சிக்கல் வரும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் வேண்டாம் என்று டாக்டர்கள் ஏன் சொல்கிறார்கள்? குறையுள்ள அல்லீல் ஒன்று ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை, நல்ல பிரதி அதை மூடிவிடும். சொந்தத்துக்குள் கலக்கும்போது இரு பக்கமிருந்தும் அதே குறை வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. இப்படி நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் கலப்பு உட்கலப்பு. அதனால் வாரிசுகள் வலுவிழப்பது உட்கலப்பு நலிவு.

சீனாவின் மெட்டாசெக்வோயா இதற்கு நல்ல சான்று. 1941இல் ஜப்பானிய அறிஞர் ஷிகேரு மிக்கி புதைபடிவத்தை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். சில ஆண்டுகளில், ஹூபேய் மாகாணப் பள்ளத்தாக்கில் உயிருள்ள மரமே கிடைத்தது. 1948 வாக்கில் அங்கிருந்து சேகரித்த விதைகள் உலகமெங்கும் தாவரவியல் தோட்டங்களுக்குப் போயின. இன்று பல நாட்டுப் பூங்காக்களில் வானளாவ நிற்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் பிழைத்துவிட்ட இனம். ஆனால் பல இடங்களில் தனி மரமாக நின்று தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற மரங்களின் விதைகளில் முளைப்புத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. பூங்காவில் நிற்பவை பெரும்பாலும் சில தாய்மரங்களின் பிள்ளைகள்தான். காட்டில் மிஞ்சிய ஐயாயிரத்துச் சொச்சம் மரங்களில் இருக்கும் விதங்கள் எல்லாம் பூங்காக்களுக்கு வந்து சேரவில்லை. 'நர்சரியில் நிறைய இருக்கு' என்ற ஆறுதலின் ஓட்டை இதுதான்.

சுருக்கமாக: வொல்லமையில் விதம் மிகக் குறைவு. சிசிலியில் கூட்டத்துக்கு ஒரே விதம். மெட்டாசெக்வோயாவில் விதங்கள் காட்டில் இருக்கின்றன, தோட்டத்தில் போதாது. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

எச்சம் என்றாலே ஏழை இல்லை

ஜிங்கோவும் எச்ச மரம்தான். அதன் குடும்பத்தில் மற்ற எல்லாம் அழிந்துவிட்டன. ஆனால் 2019இல் 545 ஜிங்கோ மரங்களின் டி.என்.ஏ.வை வாசித்து வெளியான ஆய்வு, சீனாவில் அது மூன்று தனித்தனிப் புகலிடங்களில் தப்பியிருந்ததைக் காட்டியது. மூன்று இடத்தில் பிரிந்து கிடந்ததால் ஓரிடத்தில் போனது இன்னோரிடத்தில் நின்றது. ஒரு மரமே ஆயிரம் ஆண்டு நிற்பதால் தலைமுறைகளும் மெதுவாகவே புரள்கின்றன. எனவே எச்ச மரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

நீண்ட ஆயுளுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நூறு ஆண்டுக்கு முன் காட்டைத் துண்டு துண்டாக்கினால், அதன் விளைவு இன்று நிற்கும் பெரிய மரங்களில் தெரியாது. அவை காடு முழுசாக இருந்தபோதே பிறந்தவை. பெரிய மரங்களை மட்டும் பரிசோதித்துவிட்டு 'பன்மை நன்றாக இருக்கிறது' என்று அறிக்கை வந்தால் நான் நம்ப மாட்டேன். அவற்றின் காலடியில் முளைத்திருக்கும் கன்றுகளைப் பார்க்க வேண்டும். கன்றே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

என்ன செய்கிறார்கள்

முதல் வேலை இலை பறிப்பது. விரல் நகம் அளவு துண்டு போதும். புதுச் செருப்பு டப்பாவில் சின்னப் பொட்டலமாக வருமே, அந்த சிலிக்கா ஜெல்லோடு சேர்த்து உறையில் போட்டால் இலை காய்ந்து டி.என்.ஏ. கெடாமல் இருக்கும். உறையின் மேல் எந்த மரம், எந்த இடம் என்று எழுதுவார்கள். ஆய்வகத்தில் ஒப்பிட்ட பிறகு, எந்தெந்த மரங்களிலிருந்து விதையோ தண்டோ எடுத்தால் அதிக விதங்கள் கைக்கு வரும் என்று முடிவு செய்கிறார்கள். முன்பெல்லாம் எது எளிதில் எட்டியதோ, எது நிறையக் காய்த்ததோ அதிலிருந்து எடுத்தார்கள். வேறுபாடு அங்கேதான்.

வெவ்வேறு புகலிடக் கூட்டங்களைக் கலந்து வளர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது. நலிந்த கூட்டத்துக்குப் புது அல்லீல்கள் கிடைக்கும். ஆனால் அந்தந்த மண்ணுக்குப் பழகிய தனித்தன்மை கரைந்துபோகலாம். கூட்டம் விதை பிடிக்காத அளவுக்கு நலிந்துவிட்டால் கலப்பதே மேல் என்பது என் எண்ணம். நன்றாக விதைக்கும் கூட்டத்தைத் தொடாமல் விடுவதே நல்லது.

விதங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை வொல்லமை மரத்தில் நடைமுறைக்கே வந்துவிட்டது. 2006 முதல் உலகச் சந்தையில் விற்கப்பட்டதால் அது பலர் வீட்டுத் தோட்டங்களில் வளர்கிறது. ஆயினும் 2023இல் சிட்னி தாவரவியல் தோட்டத்தார், இருக்கும் அந்தச் சொற்ப வேறுபாடுகளையும் விடாமல் சேர்க்கும்படி கன்றுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தவற்றில் 170க்கும் மேற்பட்ட கன்றுகள் இங்கிலாந்தின் பெட்ஜ்பரி மரத்தோட்டம் வழியாகப் பல நாடுகளில் உள்ள 28 தோட்டங்களுக்குப் போயின. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒன்றுக்கொன்று வேறான சில கன்றுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதே இலை, அதே பச்சை. எது எந்த மரபைச் சேர்ந்தது என்பதைப் பதிவேடும் கன்றில் கட்டிய சீட்டும்தான் சொல்லும். சீட்டு அறுந்து விழுந்தால், ஒரு இலையைப் பறித்து மறுபடியும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.